மேலே போயிட்டார்

நான் அந்த வழித்தடத்தில் கண்டக்டராகச் சேர்ந்தபோது அங்கே ஊர் என்று ஒன்றும் இல்லை. சாலையோரம் ஆள் உயரத்துக்கு ஒரு கல் நின்றது, அதுதான் ஸ்டாப். "எறங்கறவங்க இருக்கீங்களா?" என்று கடமைக்குக் கேட்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் டிரைவர் வண்டியை நிறுத்துவார். அவருக்கு முழங்கால் வலி, இறங்கிக் காலை உதறிக்கொள்வார். நானும் பக்கத்தில் நின்று அந்தப் பொட்டலைப் பார்ப்பேன். பார்க்க ஒன்றும் இருக்காது.

பிறகு ஒரு நாள் அங்கே இறங்க ஆள் வந்தது. தொப்பி போட்ட சிலர், கையில் இரும்புப் பெட்டிகள். அடுத்த வாரம் இன்னும் சிலர். மண்ணுக்கடியில் செம்பு இருக்கிறதாம், தோண்டப் போகிறார்களாம். டிரைவர் நம்பவில்லை. "இந்த மண்ணுல முள்ளே ஒழுங்கா மொளைக்கலை, செம்பு எங்கேருந்து மொளைக்கும்?" என்றார். முளைத்தது. குழி வெட்டினார்கள். குழியின் மேல் இரும்பில் ஒரு கோபுரம் எழுந்தது, கோபுரத்தின் உச்சியில் ஒரு சக்கரம். சக்கரத்தில் ஓடும் கம்பிக்கயிற்றில் ஒரு கூண்டு தொங்கும். ஆட்கள் அதில் ஏறித்தான் கீழே போவார்கள், அதில் ஏறித்தான் மேலே வருவார்கள்.

அதன் பிறகு ஊர் வளர்ந்த வேகத்தைச் சொன்னால் புளுகுகிறேன் என்பீர்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாக வீடுகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை. ஒரே தெருவில் மூன்று சலூன், மூன்றிலும் காத்திருக்க வேண்டும். கல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டு அந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டு கட்டினார்கள். என் வண்டி போகும்போதும் நிறைந்து போயிற்று, வரும்போதும் நிறைந்து வந்தது. டிக்கெட் பை தொங்கித் தொங்கி என் ஒரு பக்கத் தோள் இறங்கிவிட்டது. இன்றைக்கும் சட்டைக்கு அளவெடுக்கிற தையல்காரர் இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

அந்த பஸ் ஸ்டாண்டில்தான் மச்சானைச் சந்தித்தேன். அப்போது அவர் எனக்கு மச்சான் இல்லை, பையோடு நிற்கும் ஒரு ஆள். குழியில் துளை போடும் வேலை. தாய் தகப்பன் இல்லை, ஒரே தங்கை, அவள் வழியில் வேறொரு ஊரில் சித்தி வீட்டில் வளர்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்து, "தங்கச்சி ஸ்டாப்புல நிக்கும், குடுத்துடுங்கண்ணே" என்பார். சோப்பு, துணி, செருப்பு, ஒரு தடவை சுவர்க் கடிகாரம். அவளும் நிற்பாள். வாங்கிக்கொண்டு போய்விடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். முதன்முதலில் அவள் என்னிடம் பேசியது, "பை கிழிஞ்சிருக்கே, நீங்க கிழிச்சீங்களா?" என்பதுதான். இல்லையென்று நிரூபிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் கல்யாணம் பேசியாகிவிட்டது.

மச்சான் மறுப்புச் சொல்லவில்லை. "பையைக் கொண்டுபோய்க் குடுங்கன்னா, ஆளையே கொண்டுபோறீங்களே மாப்பிள்ளை" என்றார். அதோடு சரி.

கல்யாணத்தன்றுதான் வினை வந்தது. வந்தவர்களை உட்காரவைப்பதும் எழுப்புவதுமாக மச்சான் ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டத்தின் நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். சும்மா இருமல் இல்லை, அடிவயிற்றிலிருந்து எதையோ பெயர்த்தெடுக்கிற இருமல். கல்லைத் துளைக்கிற தூசி. அண்ணனை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவள், அன்றைக்குத்தான் அதை முதல்முறை கேட்டாள். கை கழுவுகிற இடத்தில் அவரை மறித்துக்கொண்டாள். நான் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அந்த வேலையை விட்டுட்டு வா."

"வந்து?"

"வந்து எதையாவது செய். கடை வை. எங்க வீட்டுல இரு."

"அந்தக் குழிதான் உன்னை வளர்த்துச்சு."

"வளர்ந்தாச்சு இல்ல, போதும். வா."

"உன் வீட்டுக்காரர் பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கறவர். எனக்கும் சேர்த்துக் கிழிப்பாரா?"

என்னைத் திரும்பிப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை" என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள். "நீ கீழே போறதை விடறவரைக்கும் உன் வாசப்படியை மிதிக்கமாட்டேன்" என்றாள். "மிதிக்காதே" என்றார் அவர். இரண்டு பேருக்கும் ஒரே வாய், ஒரே வீம்பு. கல்யாணச் சாப்பாட்டை அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அப்புறம் பேச்சே இல்லை. மச்சான் பை அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. இவள் பிரிக்காமல் திருப்பி அனுப்புவாள். அதே பை மறுபடி வரும். மூன்றாம் தடவை நான் பிரித்துவிட்டேன். உள்ளே எனக்கு ஒரு சட்டை இருந்தது. போட்டுக்கொண்டேன். அவள் இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு வேறு டெப்போவுக்கு மாற்றலாகி, அரை நாள் பஸ் தூரத்தில் ஒரு டவுனுக்குக் குடிபோனோம். அங்கே இருக்கும்போதுதான் குழியில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. பழைய சுரங்கப்பாதை ஒன்றில் தேங்கிக் கிடந்த தண்ணீர் சுவரைப் பெயர்த்துக்கொண்டு ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் பாய்ந்தது. ரேடியோவில் சொன்னார்கள். எத்தனை பேர், யார் யார், ஒன்றும் சொல்லவில்லை. இவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

எங்கள் தெருவில் மருந்துக்கடையில்தான் டெலிபோன். குழியின் டெலிபோன்காரர் ஒரு ஊருக்கே தகவல் சொல்ல வேண்டியவர், ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவழிக்க அவருக்கு நேரமில்லை. மருந்துக்கடைக்காரரிடம், "கண்டக்டர் வீட்டம்மாவோட அண்ணன் மேலே போயிட்டாருன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விட்டார்.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். அந்தச் சொல்லுக்கு எல்லாரும் கொள்ளும் பொருளைத்தான் அவரும் கொண்டார். கடையைப் பாதி சாத்திவிட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, செய்தியை முறையாகச் சொல்லி, கூடவே அழுதார்.

டெப்போவில் நண்பர்கள் ஒரு மலர் வளையம் வாங்கித் தந்தார்கள். பெரிய வளையம். பஸ்ஸில் சாமான் வைக்கிற தட்டில் அது நிற்கவில்லை, என் மடியில் வைத்துக்கொண்டேன். இவள் வழி முழுக்க அழவில்லை, பேசினாள். "நான் மிதிக்கமாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாது. நானே போய்க் கூட்டிட்டு வந்திருக்கணும். கையைப் பிடிச்சு இழுத்திருந்தா வந்திருப்பான்." ஸ்டாப்புக்கு ஸ்டாப் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். எனக்கு உணர்ச்சி சட்டென்று முகத்தில் வராது, தொழில் அப்படி. ஆனால் அன்றைக்கு டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரிடம் என்னால் ஊர்ப்பெயரைச் சொல்ல முடியவில்லை. அவனே பார்த்துக் கிழித்துக் கொடுத்தான்.

மச்சான் வீட்டுக் கதவு திறந்திருந்தது. இவள் வாசற்படியில் நின்று "அண்ணா" என்று ஒரு குரல் எடுத்தாள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை ஈரம். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "யாரு போயிட்டா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார், மடியில் இருந்து கைக்கு வந்திருந்த வளையத்தைப் பார்த்தார். "நல்லாருக்கே. எனக்கா மாப்பிள்ளை?"

இவள் கையிலிருந்த பையால் அவரை அடித்தாள். தோளில், முதுகில், தட்டில். சாப்பாடு கட்டிலெல்லாம் சிதறியது. "மேலே போயிட்டேன்னு சொன்னாங்களே, மேலே போயிட்டேன்னு சொன்னாங்களே" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். "ஆமா, போயிட்டேன். அதான் வீட்டுல இருக்கேன்" என்று அவர் கையால் தடுத்தபடியே சொன்னார்.

விஷயம் இதுதான். குழிக்குள்ளேயும் ஒரு டெலிபோன் உண்டு. ஒருவன் கூண்டில் ஏறியதும் கீழே இருக்கிறவன் அதில் "இன்னார் மேலே போயிட்டார்" என்பான். மேலே இருக்கிறவன் அதைக் கேட்டு, இன்னார் வீட்டுக்கு அப்படியே சொல்வான். ஊர் மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டது; பஸ் ஸ்டாண்டைத் தாண்டாத என் காதில்தான் அது விழவில்லை. புருஷன் எங்கே என்றால், வேலையில் இருந்தால் "கீழே இருக்காரு", வேலை முடிந்து குளிக்கவோ சினிமாவுக்கோ போயிருந்தால் "மேலே போயிட்டாரு". பள்ளிக்கூட வாத்தியார்கூடக் கடைசி மணி அடித்ததும் "எல்லாரும் மேலே போங்க" என்பார். வேறு ஊர்களில் செத்தவனுக்குச் சொல்கிற வார்த்தை இங்கே பிழைத்தவனுக்கு.

பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். விவரம் புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவர்களுக்கு. ஆனால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார்கள், ஏனென்றால் இரண்டு வீடு தள்ளி ஒரு வாசலில் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் கீழேயே இருந்துவிட்டார். அப்படிக் கீழேயே இருந்துவிட்டவர்களின் வீடுகள் ஊரில் இன்னும் சில இருந்தன. மச்சான் எழுந்து கை கழுவினார். வளையத்தை என் கையிலிருந்து வாங்கினார். "இது வீணாக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அந்த வாசலுக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். அங்கே வைக்க உடம்பு இல்லை. சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தோம்.

அன்றைக்குச் சாயந்தரம் இவள் மறுபடி ஆரம்பித்தாள். "இப்பவாவது வா." மச்சானுக்கு நெஞ்சு கெட்டதிலிருந்து துளை போடும் வேலையிலிருந்து மாற்றிப் பம்பில் போட்டிருந்தார்கள். குழியின் அடியில் ஊறுகிற தண்ணீரை இரவும் பகலும் மேலே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் குழி முழுகிவிடும்.

"நான் வந்துட்டா பம்பை யாரு பார்க்கறது?"

"ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"இருந்தான். அன்னிக்கு அவன் பார்த்ததாலதான் நான் மேலே வந்தேன். இதோ, ரெண்டு வீடு தள்ளி."

இவள் அந்த வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவரே சொன்னார். "பம்பை நிறுத்தற அன்னிக்கு வரேன். கீழே எனக்கு வேலை இல்லைன்னு ஆகிற அன்னிக்கு நேரா உன் வீட்டுக்குத்தான். போதுமா?"

"சத்தியமா?"

"உன் வீட்டுக்காரர் சட்டைமேல சத்தியம்." நான் அவர் அனுப்பிய சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

அதிலிருந்து இவள் அந்த ஊர்க்காரியாகிவிட்டாள். அங்கே குடியிருந்ததில்லை, ஆனால் பேச்சு அந்த ஊர்ப் பேச்சு. நான் டியூட்டி முடிந்து வந்தால், "மேலே வந்தாச்சா?" மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரத் தாமதமானால், "இன்னும் கீழேயே இருக்கா." வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் மாடி எங்கே என்று தேடுவார்கள். எங்கள் வீட்டில் மாடியே கிடையாது. கைபேசி வந்த பிறகு தினமும் சாயந்தரம் அண்ணனுக்கு ஒரு போன். "மேலே போயிட்டியா?" "போயிட்டேன்." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." இவ்வளவுதான் பேச்சு. இதைக் கேட்காமல் அவளுக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது.

பின்பக்க அறையை அவருக்கென்று ஒதுக்கிவைத்தாள். புதுக் கட்டில், ஒரு கொடி, சுவரில் ஒரு கண்ணாடி. ஆள் வருகிற வழியாகத் தெரியவில்லையே என்று நான் அதில் பழைய டயர் ஒன்றை வைத்தேன். மறுநாள் அது தெருவில் கிடந்தது. மழைக்காலத்தில் துணி உலர்த்தக்கூட அந்தக் கொடியைத் தொடவிடமாட்டாள்.

ஊர் தேய்ந்த கதையை நான் தள்ளி இருந்துதான் பார்த்தேன். டிக்கெட் பரிசோதகராக உயர்வு கிடைத்து அந்த வழித்தடத்தில் எப்போதாவது போவேன். ஒரு தடவை வண்டியில் ஏறியதும் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. போகிற வண்டியில் உட்கார இடம் இருந்தது. வருகிற வண்டியில் ஆட்களை விடச் சாமான் அதிகம். கூரைமேல் கட்டில், சுருட்டிய மெத்தை, அண்டா. கட்டிலைக் கூரைமேல் ஏற்றுகிறவன் லீவுக்குப் போகிறவன் இல்லை. செம்பு மெலிந்துவிட்டது, இன்னும் ஆழத்தில்தான் இருக்கிறது, அங்கிருந்து எடுத்தால் கட்டுப்படியாகாது என்றார்கள். குழியில் ஆள் மாறுவதற்கு மூன்று வேளை ஊதிய சங்கு ஒரு வேளை ஊதியது. சலூன்கள் மூன்றில் ஒன்று மிஞ்சியது, அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். சினிமாக் கொட்டகையின் நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் வந்த லாரிகளில் கதவு, ஜன்னல், குழாய் எல்லாம் போயின. ஆள் காலி செய்த வீட்டைப் பார்த்தால் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருக்கும்.

கடைசியில் செம்பு எடுப்பதை நிறுத்தியேவிட்டார்கள். பம்பை மட்டும் நிறுத்தவில்லை. யாராவது வாங்க வரலாம், வருகிறவர்களுக்குக் காட்டக் குழி உலர்ந்திருக்க வேண்டும் என்று சில பேரை வைத்துக்கொண்டார்கள், அதில் மச்சானும் ஒருவர். "பெண் பார்க்க வர்றவங்களுக்காக வீட்டைத் துடைச்சு வெச்சிருக்கோம்" என்பார் போனில். யாரும் வரவில்லை. காலியான வீடுகளில் புதிதாகச் சில குடும்பங்கள் குடிவந்தன. ஆடு மேய்க்கிறவர்கள், சாலை வேலைக்கு வந்தவர்கள். கதவுக்குப் பதிலாகத் தகரம், ஜன்னலுக்குப் பதிலாகச் சாக்கு. அவர்களில் ஒருவர்கூடக் குழியில் இறங்கியதில்லை. கோபுரத்துச் சக்கரத்தைக் காட்டி அது எதற்கு என்று மச்சானிடம் கேட்பார்களாம்.

நானும் ஓய்வு பெற்றேன். இவள் அண்ணனை நச்சரிப்பதை விடவில்லை. "மேலே போயிட்டேன், சாப்பிட்டேன்" என்ற பதில் வந்துகொண்டிருந்தது. நடுவில் இருமலும் வந்தது. வார்த்தையைவிட இருமல் அதிகமாயிற்று. இவள் போனை வைத்துவிட்டு என்னிடம், "பம்பு என்னிக்குங்க நிக்கும்?" என்பாள். ஏதோ ரயில் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி. எனக்கென்ன தெரியும்.

போன மழையில் அந்தப் பக்கமெல்லாம் வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள். முதல் நாள் சாயந்தரம் போட்ட போனை மச்சான் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் இவள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"அண்ணன் மேலே போயிட்டானாம். விடியக்காலையில. பக்கத்து வீட்டுப் பொண்ணு எடுத்துச்சு."

"நல்லதாப் போச்சு" என்றேன்.

"ராத்திரி பூரா கீழேயே இருந்திருக்கான் பாருங்க, இந்த மழையில. தண்ணி ஏறியிருக்கும். பம்பை விட்டுட்டு வரமாட்டானே. பாவம், அந்தப் பொண்ணுக்குப் பேசவே தெரியலை, பேந்தப் பேந்த முழிக்குது போன்லயே. சாப்பிட்டாரான்னு கேட்டா பதிலே இல்லை. தலையைத் துவட்டிட்டுப் படுக்கச் சொல்லும்மா, தூங்கினா எழுப்பாதேன்னு சொல்லிட்டு வெச்சேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடாதவள், தனக்கு ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள். நான் வாசல் பக்கம் வந்து தலை சீவிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. மச்சானுடைய நம்பர்.

பேசியது வேறு ஆள், இளைஞன். "சார், அந்த அக்கா நல்லா இருக்காங்களா?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கா. நீங்க யாரு?"

"பக்கத்து வீடு சார். என் வீட்டுக்காரி பயந்துபோயிட்டா. பெரியவர் மேலே போயிட்டாருன்னு சொன்னா, அக்கா என்னென்னமோ பேசறாங்களாம். அதிர்ச்சியில அப்படி ஆகும்னு சொல்றாங்க. கொஞ்சம் பக்கத்துல இருந்து பார்த்துக்கங்க சார்."

நான் சீப்பை ஜன்னலோரம் வைத்தேன்.

"சார், இருக்கீங்களா?"

"எப்படி?" என்றேன்.

"இருமல்தான் சார். ஒரு வாரமா எழுந்திருக்கலை. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, ரெண்டு நாள்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன், அங்கே பார்த்துக்கறேன்னு சொல்லிட்டே இருந்தாரு."

"ஒரு வாரமாவா? அப்ப பம்பு?"

"எந்தப் பம்பு சார்?" பிறகு அவனுக்கு நினைவு வந்தது. "ஓ, அதுவா. அதைக் கோடையிலயே நிறுத்திட்டாங்களே. மெஷினெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டாங்க. குழியில இப்ப பாதிக்கு மேல தண்ணி. பெரியவர் தினமும் போய்க் கல்லைப் போட்டுப் பார்த்துட்டு வருவாரு."

கோடையிலிருந்து தினமும் சாயந்தரம் "மேலே போயிட்டேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே போகாதவர். ஏன் என்று நான் இப்போதும் யோசிக்கிறேன். அந்த இருமலைக் கொண்டுவந்து தங்கை வீட்டுக் கட்டிலில் போட அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். கொஞ்சம் தெளிந்ததும் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளியிருப்பார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. செத்தவர்மேல் வரக் கூடாத அளவுக்கு வந்தது. அறை இருந்தது, கட்டில் இருந்தது, காத்திருந்து காத்திருந்து ஒருத்திக்குத் தலை நரைத்தது. நாலு மாதம் எங்களோடு இருந்திருக்கலாம்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாவைச் சாவென்று சொல்லக் கூசி, உலகத்தில் எல்லாரும் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் வேறு பொருள் இருந்தது என்று அவளுக்குச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? இருந்த ஒருவரும் விடியற்காலையில் போய்விட்டார். குழி மூடி, கடை மூடி, கதவும் ஜன்னலும் லாரியில் போன பிறகு, அந்த ஊர் மிச்சமிருந்தது என் மனைவியின் வாயில்தான்.

சமையலறைக்குப் போனேன். தட்டை மேடைமேல் வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "உங்களுக்கும் ஒண்ணு ஊத்தட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்."

"யாரு போன்ல?"

"அந்த வீட்டுலேருந்துதான். அந்தப் பொண்ணோட வீட்டுக்காரன்." எனக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "மச்சான் போயிட்டாரு" என்றேன்.

"அதான் சொன்னேனே. விடியக்காலையிலயே போயிட்டான்." வாயில் இருந்ததை மென்றுகொண்டே சொன்னாள்.

"அது இல்லை. தவறிட்டாரு."

"தவறிட்டானா?" அவள் மெல்லுவது நின்றது. "எங்கே தவறினான்? கூண்டுலேருந்தா? மேலே போயிட்டான்னு சொன்னாங்களே. அடி பட்டிருக்கா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்களா?"

நம் ஆட்கள் சாவுக்கு எத்தனை வார்த்தை வைத்திருக்கிறோம். போனார், தவறினார், இல்லாமல் போனார், எல்லாமே எங்கேயோ நடந்து போகிற மாதிரி. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அவள் அவருக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடுவாள். மிருகத்துக்குச் சொல்கிற வார்த்தை ஒன்றுதான் மீதி இருந்தது. உறவில் மூத்தவர், எனக்குப் பெண் கொடுத்தவர். அவரைப் பற்றி அந்த வார்த்தையை என் வாயால் சொல்வேன் என்று நினைத்ததில்லை.

"செத்துட்டாரும்மா."

அவள் தட்டைப் பார்த்தாள். பாதி முட்டை இருந்தது. வாயில் இருந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. நான் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், மெல்லச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு சொன்னதும், நான் அப்பாடான்னேங்க."